கம்பி கட்டிய பல்லும் மூலிகை நீரும்

உங்கள் வகுப்பில் பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்கள் எத்தனை பேர்? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். "கிளிப் போட்டிருக்கிறேன்" என்று அவர்களே சொல்வார்கள். ஒருவேளை இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பல்லிலேயே அந்தக் கம்பி இருக்கலாம்.

கம்பி கட்டியவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "துளசித் தண்ணீர் வைத்துக் கொப்பளி" என்பார் பாட்டி. "கடுக்காய்த் தண்ணீருக்கு மிஞ்சியது உண்டா?" என்பார் தாத்தா. மருந்துக் கடையிலோ அழகான புட்டியில் மூலிகை மவுத்வாஷ் வைத்திருக்கிறார்கள். கிருமிகளில் 99.9 சதவீதம் ஒழியும் என்ற வகையில் ஒரு வாசகமும் அதன்மேல் இருக்கும். பல் மருத்துவர் மட்டும் வாய் கொப்பளிப்பதைப் பற்றி அதிகம் பேசாமல், பிரஷ் பிடிப்பது எப்படி என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது? மூலிகை நீருக்கு உண்மையில் சக்தி உண்டா? உண்டென்றால் அது மட்டும் போதுமா?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பல் மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இயற்பியல்தான். வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

பல் எப்படி நகர்கிறது?

பல் என்பது சுவரில் அடித்த ஆணி போலத் தாடை எலும்பில் இறுகியிருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அப்படி இல்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் நார்களால் ஆன ஒரு மெல்லிய திசு இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். பல்லை ஒரு பக்கமாக மெல்ல, ஆனால் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கத் தொடங்கும். பல் விட்டுவந்த பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டும். முன்னால் மண்ணை வெட்டிப் பின்னால் போட்டுக்கொண்டே நகர்வது போலப் பல் இடம் மாறுகிறது.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும் தெரியுமா? ஒரு பல்லுக்குச் சுமார் 0.5 முதல் 1.5 நியூட்டன் வரை போதும். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்தால் உணரும் எடைக்கும், நடுத்தரமான கொய்யாப்பழத்தின் எடைக்கும் இடைப்பட்டது அது. அவசரப்பட்டு விசையைக் கூட்டினால், நசுங்கிய திசுவில் இரத்த ஓட்டம் தடைப்படும். அப்போது வலிதான் மிஞ்சும். பல் வேகமாக நகராது.

சாதாரண உருக்குக் கம்பி ஹூக் விதிக்குக் கட்டுப்பட்டது. வளைவு குறையக் குறைய அது தரும் விசையும் குறைந்துவிடும். அதனால்தான் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கலவை இந்தத் துறைக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் 1959-ல் வில்லியம் பியூலர் என்பவர் ஆராய்ந்த கலவை இது. 1970-களில் பல் மருத்துவத்தில் நுழைந்தது. இன்று பயன்படும் இவ்வகைக் கம்பிகள், வளைவு கணிசமாகக் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவான மெல்லிய விசையைத் தந்துகொண்டே இருக்கும்.

எப்படிப்பட்ட கம்பியானாலும் பல் நகர்வது மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஆகவே சிகிச்சை முடியப் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் 2 ஆண்டு வரை ஆகும். இந்தக் கால அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் இது முக்கியம்.

மூலை முடுக்குகளில் நடப்பது என்ன?

கம்பியைப் பல்லோடு இணைப்பவை பிராக்கெட் எனப்படும் சிறு பிடிப்புகள். முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டி, அதன்மேல்தான் பிடிப்பை வைப்பார்கள். 1955-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் ஒரு வழி கண்டார். பல்லின் மேல்பூச்சான எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். பிசின் அக்குழிகளில் இறங்கி உறைந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இந்த வழியைப் பின்பற்றித்தான் பிற்காலத்தில் பிடிப்புகளைப் பல்லின் முகப்பில் நேரடியாக ஒட்டும் முறை வந்தது.

இங்கே மருத்துவர் கணக்காகக் கையாளும் அமிலம் பல்லுக்கு உதவுகிறது. கணக்கில்லாமல் வேறோர் அமிலமும் அதே பல்லில் சுரந்துகொண்டிருக்கிறது. அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள்.

காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். அதுதான் பற்படலம். பாக்டீரியாக்கள் கூட்டங்கூட்டமாகப் பல்லில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து கட்டிய குடியிருப்பு அது. அவற்றுள் முக்கியமான ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் கிளார்க் என்பவர் இதைச் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்து பசையையும் அமிலத்தையும் உண்டாக்கும் இரட்டைத் தொழில் இதற்குத் தெரியும்.

1940-ல் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பற்படலத்துக்குள் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்து வெளியிட்டார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே அங்கே பி.எச். மதிப்பு கிடுகிடுவென்று இறங்குகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கி, கரைந்ததில் ஒரு பகுதியைத் திருப்பி ஒட்டவைக்கும். நாள் முழுவதும் இந்த வரவு செலவு நடந்துகொண்டே இருக்கிறது. எனாமலில் உயிருள்ள செல்கள் இல்லாததால், நகம் போலவோ தோல் போலவோ அது தானாக வளராது.

பிராக்கெட்டும் கம்பியும் வந்ததும் வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. பிடிப்பைச் சுற்றிலும் உணவும் படலமும் தங்கப் புதுப்புது மூலைகள் கிடைக்கின்றன. நாக்கும் கன்னமும் வழக்கமாகத் துடைத்துவிடும் இடங்களுக்கு அவற்றால் போக முடிவதில்லை. உமிழ்நீரும் அங்கே தாராளமாகப் பாய்வதில்லை. சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால், கம்பி கட்டிய ஒரே மாதத்தில் பிடிப்பைச் சுற்றி எனாமல் கரைந்த வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். சிகிச்சையோ 2 ஆண்டு! கம்பியைக் கழற்றும் நாளில் பல் வரிசை நேராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லிலும் பிடிப்பு இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் வரைந்தது போல நிற்கும். இதைத்தான் பல் மருத்துவர் அஞ்சுகிறார்.

கரைந்த இடம் ஏன் வெண்மையாகிறது?

இது நல்ல இயற்பியல் கேள்வி. பஜ்ஜி மடித்துத் தந்த தாளைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவுவதாக மாறியிருக்கும். மற்ற இடம் வெண்மையாக இருக்கும். ஏன்? தாள் என்பது இழைகளும் அவற்றிடையே காற்றும். இழையின் ஒளிவிலகல் எண்ணும் காற்றினுடையதும் மிகவும் வேறுபட்டவை. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி விலகிப் பிரதிபலித்துச் சிதறுகிறது. எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறுவதால் வெண்மை தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால் வேறுபாடு குறைந்து, சிதறலும் குறைகிறது.

எனாமலில் இது தலைகீழாக நடக்கிறது. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62. தாதுக்கள் கரைந்து நுண்துளைகள் விழுந்தால் அவற்றில் நீர் நிரம்பும். நீரின் எண் 1.33, வேறுபாடு 0.29. அந்தப் பல்லை உலர்த்தினால் துளைகளில் காற்று புகும். காற்றின் எண் 1.00, வேறுபாடு 0.62. சிதறல் அதிகமாகும், புள்ளி இன்னும் வெளுப்பாகத் தெரியும். பல் மருத்துவர் ஒரு குழாயால் பல்மீது காற்றை ஊதிவிட்டுக் குனிந்து பார்க்கிறாரே, அதன் காரணம் இதுதான். காய்ந்தால் மட்டும் தெரிகிற புள்ளி தொடக்க நிலை. ஈரத்திலேயே தெரிகிற புள்ளி முற்றிய நிலை.

மின்விசிறி சொல்லும் பாடம்

இப்போது கொப்பளிக்கும் நீருக்கு வருவோம். வாயில் நீரை வைத்து வேகமாக அலசுகிறோம். அந்த வேகத்தில் பற்படலம் பெயர்ந்துவிடாதா?

உங்கள் வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு இறக்கையைப் பாருங்கள். எவ்வளவு தூசி! நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும் இறக்கையின்மீது காற்று சீறிப் பாய்கிறது. ஆனால் தூசி பறப்பதில்லை. ஓடும் பாய்மம் எதுவானாலும், திடப்பொருளின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுக்கு அந்தப் பரப்போடு ஒட்டியே நிற்கும். பரப்பிலிருந்து விலக விலகத்தான் வேகம் கூடும். பாகுநிலையால் வரும் விளைவு இது. தூசித் துகள் அந்த அசையாத அடுக்குக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் வந்துவிடுகிறது.

பல்லிலும் அப்படியே. வாயில் நீர் எவ்வளவு சுழன்றாலும் பல்லை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கம்பிக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கில் நீரோட்டம் இன்னும் மந்தம். தளர்வாகக் கிடக்கும் சோற்றுப் பருக்கை வந்துவிடும். ஒட்டிக்கொண்ட படலம் வராது.

சரி, நீர் தள்ளாவிட்டால் போகட்டும். அதிலுள்ள மருந்து படலத்துக்குள் ஊறி இறங்கிக் கிருமியைக் கொல்லாதா? கொல்லும், ஆனால் ஓரளவுதான். மருந்து மூலக்கூறுகள் படலத்துக்குள் விரவிச் செல்ல வேண்டும். விரவுதலுக்கு ஒரு கணக்கு உண்டு: தொலைவு 2 மடங்கானால் நேரம் 4 மடங்கு, தொலைவு 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. ஒரு பாக்டீரியாவின் அளவு சுமார் 1 மைக்ரோமீட்டர். அரை மில்லிமீட்டர் கனமுள்ள படலத்தில் சுமார் 500 அடுக்குகள் கிருமிகள் இருக்கலாம். நாம் கொப்பளிப்பதோ அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். போகும் வழியில் பசையே பாதி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும்.

இதை முதலில் கண்டவர் யார் தெரியுமா? ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த வில்லைகளால் நுண்ணுயிர்களைக் கண்ட அதே மனிதர்தான். அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். அப்படியும் பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் நெளியும் உயிர்கள்! 1683-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு இதை எழுதி அனுப்பினார். காடியால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படலத்தின் மேற்புறத்து உயிர்கள் மட்டுமே இறந்தன. உள்ளே இருந்தவற்றைக் காடி எட்டவில்லை என்பதையும் அவர் குறித்துவைத்தார். 300 ஆண்டுகளுக்கும் முன்பே கிடைத்துவிட்ட விடை இது!

மூலிகைக்குச் சக்தி இல்லையா?

இருக்கிறது. அதை மறுப்பது அறிவியல் ஆகாது.

கடுக்காயை வாயில் போட்டால் வாய் சுருங்குவது போலத் துவர்க்கிறதே, ஏன்? அதிலுள்ள டானின் என்னும் பொருள் புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. தோல் பதனிடும் தொழிலில் கடுக்காய் நெடுங்காலம் பயன்பட்டதும் இதே குணத்தால்தான். தோலின் புரதத்தோடு டானின் சேர்ந்தால் அதை நுண்ணுயிர்கள் எளிதில் அழுகச் செய்ய முடியாது. கிராம்பில் யூஜினால், புதினாக் குடும்பத்தில் மென்தால் என்று ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு வேதிப்பொருள் உண்டு. சோதனைக்கூடத்துத் தட்டில் வளர்த்த பாக்டீரியாக்களை இவற்றுள் பல தடுத்து நிறுத்துகின்றன.

தட்டில் நடப்பது வாயிலும் நடக்குமா? அதையும் சோதித்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 8 முதல் 12 வயது வரையுள்ள 1431 பள்ளி மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களை 3 குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா நீர், 0.6 சதவீதம். இரண்டாம் குழுவுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீர், 0.1 சதவீதம். மூன்றாம் குழுவுக்கு வெறும் வாலை வடிநீர். பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் அளந்தபோது, திரிபலாவுக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள்.

குளோர்ஹெக்சிடின் சாதாரண மருந்தன்று. இதைக் கொண்டு கொப்பளித்தால் பற்படலம் சேர்வது தடைப்படும் என்று 1970-ல் டென்மார்க்கில் லோவும் ஷியோட்டும் காட்டினார்கள். அதன் மூலக்கூறு நேர் மின்னூட்டம் கொண்டது. பல்லும் கிருமியின் மேற்பரப்பும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. எனவே அது ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கொஞ்சங்கொஞ்சமாக வேலை செய்யும். குறையும் உண்டு. பல நாள் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். நாக்கின் சுவை மாறும். அதனால்தான் 2 ஆண்டு சிகிச்சை முழுவதும் அதையே தினமும் பயன்படுத்த மருத்துவர்கள் சொல்வதில்லை. நீண்ட நாள் பயன்படுத்தத்தக்க மூலிகை நீரைத் தேடும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் தாத்தாவே வென்றுவிட்டாரா? பொறுங்கள். அந்த ஆய்வு பொதுவாகப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது; கம்பி கட்டியவர்களுக்கென்று நடந்தது அன்று. கம்பி கட்டியவர்களிடம் மூலிகை நீரைச் சோதித்த ஆய்வுகளில் பல, சில பத்துப் பேரைச் சில வாரங்கள் பார்த்தவை. அவை பெரும்பாலும் படலத்தையும் ஈறையும் அளந்தவை. நாம் அஞ்சும் வெண்புள்ளியோ மாதக்கணக்கில் வளர்வது. இன்னொன்று, மூலிகை நீர் பொதுவாகப் பல் துலக்குவதற்குத் துணையாகவே தரப்படுகிறது. துலக்குவதற்குப் பதிலாக அன்று.

புட்டியின்மேல் இருக்கும் 99.9 சதவீதத்தையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போமா? ஓரிடத்தில் 10 கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் 1 லட்சம். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து பெருகும். 10 முறை இரட்டித்தால் 1024 மடங்கு. 1 லட்சம் மறுபடியும் 10 கோடியைத் தாண்டிவிடும்! அவை ஒட்டிக்கொள்ளும் பசையும் இடுக்கும் அப்படியே இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. குடியிருப்பையே பெயர்த்தெடுத்தால் அவை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆலும் வேலும்

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். அந்தக் குச்சி என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? முனையை மென்று நாராக்கி, அந்த நாரால் பல்லைத் தேய்க்கிறார்கள். துவர்ப்புச் சாறும் கூடவே இறங்குகிறது. ஆகக் குச்சி இரண்டு வேலை செய்கிறது: தேய்த்தல் ஒன்று, சாறு ஒன்று. மூலிகை நீர் என்று புட்டியில் வருவதில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. முதலாவதை நாம்தான் பிரஷ் கொண்டு செய்ய வேண்டும்.

தேய்ப்பதற்கு எவ்வளவு பங்கு என்பதற்கு 1965-ல் வெளியான ஒரு டென்மார்க் சோதனை நல்ல சான்று. நல்ல ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதையே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

கம்பி கட்டியவர்கள் ஆலங்குச்சியோ வேலங்குச்சியோ பிடிக்கக் கூடாது. குச்சி கம்பியில் மாட்டினால் பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய சீப்புகள் 3 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியானவையாக இருக்கட்டும். மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, மூன்றின் பற்களிலும் ஒரே அளவாகத் தடவி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். முதல் சீப்பை வெறும் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். இரண்டாவதைத் துளசி போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். மூன்றாவதை வெறும் தண்ணீரில் நனைத்து, பழைய பல் பிரஷால் ஒரு நிமிடம் தேயுங்கள். பிறகு மூன்றின்மீதும் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். மாவு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கருநீலம் தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரிடம் கேட்டால் அயோடின் கிடைக்கும். எந்தச் சீப்பு சுத்தமாயிருக்கும் என்று சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சீப்பு பல்லாகாது, மாவில் உயிரும் இல்லை. ஆகவே துளசி கிருமியைக் கொல்லுமா என்பதை இந்தச் சோதனை காட்டாது. அலசினால் பெயருமா, தேய்த்தால் பெயருமா என்பதை மட்டும் காட்டும்.

கம்பி கட்டியவருக்குச் சில யோசனைகள்

சாப்பிட்டவுடன் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள். தளர்ந்த உணவும் சர்க்கரையும் போகும். பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

காலையும் இரவும் புளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். பிரஷைச் சாய்வாகப் பிடித்து, கம்பிக்கு மேலே ஒருமுறை, கம்பிக்குக் கீழே ஒருமுறை, ஈறை ஒட்டி ஒருமுறை. கம்பிக்கு அடியில் நுழையும் குட்டிப் பிரஷ் கடையில் கிடைக்கிறது. முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள். பிராக்கெட்டின் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

மூலிகை நீர் விருப்பமென்றால் அதற்குப் பிறகு பயன்படுத்துங்கள். படலம் மெலிந்திருக்கும்போது மருந்து போக வேண்டிய தொலைவு குறைவு. விரவுதல் கணக்கு அப்போது உங்கள் பக்கம். வீட்டில் துளசி நீர் காய்ச்சினால், துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் இலைத் துணுக்குகளே கம்பியில் மாட்டும். தேனோ வெல்லமோ சேர்க்காதீர்கள். அன்றன்று புதிதாகக் காய்ச்சுங்கள். கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். கிராம்பு எண்ணெயை நேராக ஈறில் தடவக் கூடாது, புண்ணாக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் நெல்லிச் சாறும் அமிலங்கள். அவற்றை வாயில் தேக்கி வைப்பது கிருமி செய்யும் வேலையை நாமே செய்வதாகும். கடுக்காய் நீரின் டானின் தேநீர் போலக் கறை படியச் செய்யும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடையில் வாங்கும் மூலிகை நீர் அமிலமா என்று பார்க்கச் செம்பருத்திப் பூவைச் சுடுநீரில் ஊறவைத்த சாறு உதவும். அமிலத்தில் அது கருஞ்சிவப்பாகும்; காரத்தில் பச்சையாகும். புட்டி நீரே நிறமுள்ளதாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும்.

கம்பி உராய்ந்து கன்னத்தில் புண் வந்தால், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது இதம் தரும். உறுத்தும் இடத்தில் ஒட்ட மருத்துவரிடம் மெழுகு கேளுங்கள்.

வெண்புள்ளி வரும் அபாயம் உள்ளவர்களுக்குப் புளோரைடு கலந்த கொப்பளிப்பு நீரை மருத்துவர் சொல்வதுண்டு. எனாமலின் தாதுவோடு புளோரைடு சேர்ந்தால் அது அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். பெரும்பாலான மூலிகை நீர்களில் புளோரைடு இராது. ஆனால் இதை நீங்களாக வாங்கக் கூடாது. விழுங்கிவிடக்கூடிய சிறு குழந்தைகளுக்குத் தரவும் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கரும்பைக் கடிப்பது, முறுக்கை நொறுக்குவது, ஜவ்வு மிட்டாய் மெல்வது ஆகியவற்றுக்குக் கம்பி கழற்றும் நாள்வரை விடுமுறை கொடுங்கள்.

இனி மூலிகை நீர் எதையாவது யாரேனும் புகழ்ந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம்? எத்தனை நாள்? அவர்கள் பல்லும் துலக்கினார்களா? பாட்டியிடமும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுவிட்டு, அவர் காய்ச்சித் தரும் துளசி நீரை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பிரஷ், அப்புறம் அது.